ஏழு ஏடுகளும் ஒரு நாட்குறிப்பும்

நள்ளிரவு கடந்து மணி இரண்டு. கூடத்து மூலையில் சாக்கு விரிப்பின்மேல் தூங்கிக்கொண்டிருந்த நாய் திடீரென விறைக்கிறது. நான்கு கால்களும் கம்புபோல நீள்கின்றன. தலை பின்னோக்கி வளைகிறது. தாடை கிட்டிக்கொள்கிறது. சில நொடிகளில் விறைப்பு மாறி உதறல் தொடங்குகிறது. படுத்தபடியே ஓடுவதுபோலக் கால்கள் அடித்துக்கொள்கின்றன. வாயில் நுரை தள்ளுகிறது. சிறுநீர் தானே கழிகிறது. ஓசை கேட்டு விளக்கைப் போட்டு ஓடி வந்தவருக்கு என்ன செய்வதென்று புரியவில்லை. ஒரு யுகமாகத் தோன்றிய ஒன்றிரண்டு நிமிடங்களுக்குப்பின் எல்லாம் அடங்குகிறது. நாய் எழுகிறது, தள்ளாடுகிறது, சுவரில் முட்டிக்கொள்கிறது, வளர்த்தவரையே அந்நியரைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறது. மறுநாள் காலை மருத்துவர் முன் நிற்கும்போதோ அது வாலை ஆட்டிக்கொண்டிருக்கிறது. நோயின் சுவடே இல்லை!

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நோயைக் கண்ணால் கண்டவர் மருத்துவர் அல்லர், வீட்டுக்காரர். மருத்துவர் காண்பது நோய் இல்லாத நாயை. அவருக்குக் கிடைப்பதெல்லாம் பதற்றத்தோடு பார்த்த ஒருவர் சொல்லும் கதைதான். காய்ச்சலை வெப்பமானி காட்டிவிடும். எலும்பு முறிவை எக்ஸ்ரே படம் காட்டிவிடும். வலிப்பு நோயைக் காட்டும் கருவி, பெரும்பாலும், வீட்டில் இருப்பவரின் கண்ணும் கடிகாரமும்தான்.

இந்த உண்மையை மனத்தில் வைத்துக்கொண்டு, நாய்களின் வலிப்பு நோய் பற்றி வெளிவந்துள்ள ஏழு அறிவியல் ஏடுகளை இங்கு மதிப்பிட விரும்புகிறோம். பன்னாட்டுக் கால்நடை வலிப்பு நோய்ப் பணிக்குழு என்னும் அறிஞர் குழு 2015ஆம் ஆண்டில் 'பி.எம்.சி. வெட்டரினரி ரிசர்ச்' என்ற இதழில் இவற்றை வெளியிட்டது. வலிப்பின் இலக்கணம், நாய் இனங்களும் மரபும், நோயை அறியும் முறை, மருந்து, மருந்தின் பயனை அளக்கும் முறை, மூளையைப் படமெடுக்கும் முறை, இறந்த நாயின் மூளையை ஆராயும் முறை என்று பொருளுக்கு ஓர் ஏடாக ஏழு. கட்டணமின்றி எவரும் படிக்கலாம் என்பது இவற்றின் முதற் சிறப்பு.

ஒரே மொழி

இவ்வேடுகள் எழுந்த காரணம் எளியது. ஒரு நாட்டு மருத்துவர் 'வலிப்பு நோய்' என்று எழுதியதை மற்றொரு நாட்டு மருத்துவர் வேறு பொருளில் படித்து வந்தார். ஓர் ஆய்வில் 'குணமானது' என்று எண்ணப்பட்ட நாய், வேறோர் ஆய்வில் 'ஓரளவு தேறியது' என்ற பட்டியலில் சேர்ந்தது. அளவுகோல் ஆளுக்கொன்றானால் துணியின் நீளத்தை எப்படி ஒப்பிடுவது?

மெட்டே பெரண்ட் என்னும் ஆய்வாளரை முதலாசிரியராகக் கொண்ட முதல் ஏடு இந்தக் குழப்பத்தைத் தீர்க்க முயல்கிறது. மூளையின் நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று மின்துடிப்புகளால் செய்தி அனுப்புகின்றன என்பதை வாசகர்கள் அறிவர். தூண்டும் செய்திகளும் உண்டு. அடக்கும் செய்திகளும் உண்டு. இவ்விரண்டும் சமநிலையில் இருக்கும்வரை மூளை ஒழுங்காக இயங்கும். சமநிலை குலைந்து, ஏராளமான நரம்பணுக்கள் ஒரே நேரத்தில் அளவு மீறித் துடிக்கும்போது வெளியே தோன்றுவதே வலிப்பு. ஒருமுறை வலிப்பு வந்ததாலேயே அது வலிப்பு நோய் ஆகிவிடாது. 24 மணி நேரத்துக்கு மேற்பட்ட இடைவெளியில், வெளிக்காரணம் ஏதுமின்றி, குறைந்தது இரண்டு முறையாவது வந்தால்தான் அதை நோய் என்று கொள்ள வேண்டும்.

இன்னும் இரண்டு இலக்கணங்கள் வளர்ப்பவருக்கு மிகவும் வேண்டியவை. ஒரே நாளில் இரண்டோ அதற்கு மேலோ வலிப்புகள் வந்தால் அது கொத்து வலிப்பு. ஒரு வலிப்பு 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே நினைவு முழுமையாகத் திரும்பாவிட்டாலோ அது ஓயா வலிப்பு. ஓயா வலிப்பு உயிருக்கே ஆபத்தானது. இடைவிடாத தசை இயக்கத்தால் உடல் வெப்பம் ஏறுகிறது. மூளைக்குக் கேடு நேர்கிறது. '5 நிமிடம்' என்ற இந்த ஒரே எண் எத்தனையோ நாய்களின் உயிரைக் காக்கவல்லது. அறிவியல் மொழி இறுக்கமானதாயினும், இங்கே அது ஒரு நற்பணி செய்திருக்கிறது என்று தயங்காமல் சொல்லலாம்.

பெயரில் ஒரு சிக்கல்

ஆனால் இதே ஏட்டில் ஒரு குறையும் உண்டு. கட்டி, காயம், அழற்சி போன்ற மூளைக் கோளாறு எதுவும் காணப்படாத வலிப்பு நோயை 'இடியோபதிக்' என்ற பழைய கிரேக்கப் பெயராலேயே குழு அழைக்கிறது. 'தனக்கே உரிய நோய்' என்பது அச்சொல்லின் வேர்ப்பொருள். அதாவது, வேறொரு நோயின் அறிகுறியாக அல்லாமல், தானே ஒரு நோயாக நிற்பது. மருத்துவ வழக்கிலோ அச்சொல் 'காரணம் தெரியாதது' என்ற பொருளில் ஊறிவிட்டது. இந்த ஒரு குடையின்கீழ் குழு மூன்று பிரிவுகளை வைக்கிறது: மரபணு கண்டுபிடிக்கப்பட்டவை, மரபு காரணம் என்று ஐயுறப்படுபவை, உண்மையிலேயே காரணம் தெரியாதவை. மரபணுவே தெரிந்த நோயையும் காரணம் தெரியாத நோயையும் ஒரே பெயரால் அழைப்பானேன்? அறிஞர்களுக்குள் இதற்கு நியாயம் இருக்கலாம். நாய் வளர்ப்பவரோ அந்தப் பெயரைக் கேட்டதும், 'டாக்டருக்கே காரணம் தெரியவில்லையாம்' என்று மனம் தளர்ந்து வீடு திரும்புகிறார்.

மரபு காரணமாக வரும் வகைகளில் அறிவியல் உண்மையாகவே முன்னேறியிருக்கிறது. இத்தாலிய இனமான லாகோட்டோ ரோமன்யோலோ குட்டிகளுக்கு ஐந்து முதல் ஒன்பது வார வயதில் வலிப்பு வந்து, சில மாதங்களில் தானே மறைந்துவிடுவது உண்டு. இதற்குக் காரணமான மரபணு 2011இல் அறியப்பட்டது. குறுங்கால் டாக்ஸ்ஹண்ட் நாய்களில் ஒரு வகையினருக்கு வரும் லாஃபோரா நோயின் மரபணு 2005இலேயே வெளிப்பட்டது. ஆனால் இவை விதிவிலக்குகள். பெரும்பாலான இனங்களில் மரபின் பங்கு உண்டு என்பது தெரிகிறதே தவிர, இந்த மரபணுதான் என்று விரல் நீட்டிச் சொல்ல இயலவில்லை. மரபைப் பற்றிய ஏடு இனத்துக்கு இனம் செய்திகளைத் திரட்டித் தந்திருப்பது போற்றத்தக்கது. வலிப்புள்ள நாயை இனப்பெருக்கத்துக்கு விடலாகாது என்ற பாடத்தை வாசகர் அதிலிருந்து தாமே எடுத்துக்கொள்ளலாம்.

மூன்று படிகள்

நோயை அறியும் முறை பற்றிய ஏடு, லூயிசா டி ரிசியோ தலைமையில் எழுதப்பட்டது. ஏழிலும் மிகுந்த பயனுடையது இதுவே என்பது எம் கருத்து. நோய் நிச்சயத்தை அது மூன்று படிகளாகப் பிரிக்கிறது. முதற்படிக்கு வேண்டுவன: காரணமின்றி வந்த இரண்டு வலிப்புகள், முதல் வலிப்பு 6 மாதத்துக்கும் 6 ஆண்டுக்கும் இடைப்பட்ட வயதில் வந்திருத்தல், வலிப்பு இல்லாத வேளையில் உடலும் நரம்பு இயக்கமும் சரியாக இருத்தல், சாதாரண இரத்த, சிறுநீர்ச் சோதனைகளில் குறை இல்லாமை. இரண்டாம் படியில் ஈரலின் செயலை அளக்கும் பித்த அமிலச் சோதனை, மூளையின் எம்.ஆர்.ஐ. படம், மூளைத் தண்டுவட நீர்ச் சோதனை ஆகியவை சேரும். மூன்றாம் படியில் மூளை மின்னலை வரைபடம்.

இந்த ஏணியின் நேர்மை பாராட்டுக்குரியது. 'எம்.ஆர்.ஐ. எடுக்காவிட்டால் ஒன்றும் சொல்ல முடியாது' என்று அது கதவைச் சாத்திவிடவில்லை. எளிய மருத்துவமனையிலும் முதற்படிவரை ஏறலாம். அங்கே நின்றே சிகிச்சையைத் தொடங்கலாம். வயது வரம்பும் பொருளுள்ளது. ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டியானால் பிறவிக் குறை, ஈரலைச் சுற்றிச் செல்லும் தவறான இரத்தக்குழாய், சர்க்கரைக் குறைவு முதலியவற்றை நினைக்க வேண்டும். ஆறு வயதைத் தாண்டியதானால் மூளைக் கட்டியை நினைக்க வேண்டும். நஞ்சும் வலிப்பைத் தரும். சர்க்கரைக்கு மாற்றாகச் சில மிட்டாய்களில் சேரும் சைலிட்டால், நாயின் இரத்தச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடக் கூடியது.

நம் நாட்டு வாசகர் இந்தப் பட்டியலை வேறோர் அழுத்தத்துடன் படிக்க வேண்டும். நாய்வெறியை வீட்டு விலங்குகளிடமிருந்து ஏறத்தாழ ஒழித்துவிட்ட மேற்கு ஐரோப்பிய நாடுகளில், வலிப்பு வந்த நாயைக் கண்டால் ஊர் அஞ்சுவதில்லை. இங்கோ நுரை தள்ளி விழுந்த நாயைப் பார்த்ததும் 'வெறிநாய்!' என்ற கூக்குரல் எழுகிறது; கல்லும் தடியும் வருகின்றன. ஒழுங்காகத் தடுப்பூசி போட்ட வீட்டு நாய், வலிப்பு அடங்கிச் சில மணி நேரத்தில் இயல்பாகிவிட்டால், அது வெறி என்று அஞ்சத் தேவையில்லை. வெறிநோய் அப்படித் தெளிந்து விடுவதில்லை. நாளுக்கு நாள் முற்றிச் சில நாட்களில் உயிரை வாங்கிவிடும். ஆனால் மறுபக்கமும் உண்டு. வெறிநோயிலும் வலிப்பு வரலாம். ஆகவே தடுப்பூசி போட்டது தெரியாத நாயானால், அதன் எச்சில் படாமல் விலகி நின்று மருத்துவரை அழைப்பதே அறிவு. கடித்துவிட்டால் காயத்தை 15 நிமிடம் சோப்பும் நீரும் விட்டுக் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். டிஸ்டெம்பர் என்னும் நச்சுயிரி நோயும் தடுப்பூசி போடாத நாய்களில் வலிப்பைத் தரும். ஆக, வலிப்புக்கான முதல் மருத்துவம் குட்டிப் பருவத்துத் தடுப்பூசியிலேயே தொடங்குகிறது எனலாம்.

பழைய மருந்துகள், புதிய விதிகள்

மருந்து பற்றிய ஏட்டின் முதலாசிரியர் சோஃபி பட்டி. இதைப் படிக்கும் எவரும் ஒரு வியப்பை அடைவர். நாய்களுக்கு இன்றும் முதன்மையாகத் தரப்படும் மருந்துகள் இரண்டும் மிகப் பழையவை! பொட்டாசியம் புரோமைடு வலிப்பைக் குறைப்பதை 1857இல் சார்லஸ் லோகாக் என்ற இலண்டன் மருத்துவர் எடுத்துரைத்தார். பினோபார்பிட்டாலின் ஆற்றலை 1912இல் ஆல்ஃபிரட் ஹாப்ட்மன் என்ற ஜெர்மானியர் வெளியிட்டார். இரண்டும் மனிதர்களுக்காகக் கண்டவை. நாய்களுக்கென்றே வந்த இமெபிடாயின் 2013இல்தான் ஐரோப்பாவில் அனுமதி பெற்றது.

எப்போது மருந்தைத் தொடங்குவது? ஏடு தெளிவாக விடை சொல்கிறது. ஆறு மாதத்துக்குள் இரண்டோ அதற்கு மேலோ வலிப்புகள் வந்தால். கொத்து வலிப்போ ஓயா வலிப்போ நேர்ந்தால். வலிப்புக்குப்பின் வரும் குருட்டுத் தன்மை, மூர்க்கம் முதலியவை கடுமையாக இருந்தாலோ ஒரு நாளுக்கு மேல் நீடித்தாலோ. வலிப்பு வரவர அடிக்கடி வந்தால் - அப்போது தாமதிக்கலாகாது.

பினோபார்பிட்டால் தொடங்கிய நாய்க்குப் பசியும் தாகமும் பெருகும்; சிறுநீர் மிகுதியாகப் போகும்; முதற் சில வாரங்களில் தூக்கமும் தள்ளாட்டமும் இருக்கும். இதைக் கண்டு பயந்து மாத்திரையைப் பட்டென்று நிறுத்துவதைவிடக் கொடிய தவறு வேறில்லை. இம்மருந்துக்குப் பழகிய மூளை, திடீரென்று அது கிடைக்காமல் போனால், முன்னிலும் கடுமையான வலிப்புக்கு ஆளாகும். இன்னொரு நுட்பமும் உண்டு. ஈரல் இம்மருந்தைச் சிதைக்கிறது. நாளாக ஆக, மேலும் விரைவாகச் சிதைக்கக் கற்றுக்கொள்கிறது. அதனால் மாத்திரையின் அளவு மாறாமலிருக்க, இரத்தத்தில் அதன் அளவு இறங்கிவிடலாம். தொடங்கிய இரண்டு வாரத்திலும், மூன்றாம் மாதத்திலும், அதன்பின் ஆறு மாதத்துக்கொரு முறையும் இரத்தத்தில் மருந்தின் அளவைச் சோதிக்கச் சொல்வது இதனால்தான். ஈரலின் நலத்தையும் கூடவே பார்த்துக்கொள்ள வேண்டும்.

புரோமைடின் கதை வேறு. அதை வெளியேற்றுவது ஈரலன்று, சிறுநீரகம். நாயின் உடலில் உள்ள புரோமைடு பாதியாகக் குறைய மூன்று வாரத்துக்கு மேலாகும். அதன் முழு அளவு நிலைபெற இரண்டரை, மூன்று மாதம் ஆகிறது. சிறுநீரகத்துக்குப் புரோமைடும் குளோரைடும் ஏறக்குறைய ஒன்றே. சமையலுப்பு என்பது சோடியம் குளோரைடு அல்லவா? ஆகவே உப்பை மிகுதியாகத் தின்ற நாய் குளோரைடோடு சேர்த்துப் புரோமைடையும் வெளியே தள்ளிவிடும். மருந்து தவறாமல் கொடுத்தும் வலிப்பு வந்துவிட்டதே என்று வியக்கும் வீட்டில், கருவாட்டுத் துண்டோ அப்பளமோ நாய்க்குப் போய்ச் சேர்ந்திருக்கலாம். உப்பை அறவே நிறுத்துவதும் தவறே. அப்போது மருந்து உடலில் தேங்கி நஞ்சாகும். நாள்தோறும் ஒரே வகையான உணவு என்பதுதான் விதி.

இத்தனை செய்தாலும், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நாய்களுக்கு வலிப்பு போதிய அளவு கட்டுப்படுவதில்லை. மருத்துவத்தின் நோக்கம் பெரும்பாலும் நோயை வேரோடு களைவதன்று. வலிப்பை அரிதாக்குவது, குறுகியதாக்குவது. இதை முதல் நாளே வளர்ப்பவருக்குச் சொல்லிவிட்டால், பின்னாளில் ஏமாற்றமும், மருந்துக்கு மருந்து தாவுவதும் குறையும்.

எண்ணிக்கை என்னும் மருத்துவம்

இப்போது நம் மதிப்பீட்டின் மையத்துக்கு வருகிறோம். ஹைட்ரூன் போட்ஷ்கா முதலானோர் எழுதிய ஏடு, மருந்து பயன் தந்ததா என்பதை அளப்பது எப்படி என்று ஆராய்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் இது ஆய்வாளர்களுக்கான வறண்ட ஏடு. உண்மையில் ஒவ்வொரு வீட்டுக்கும் வேண்டிய செய்தி இதில்தான் இருக்கிறது.

2010இல் கேரன் முன்யானா என்ற அமெரிக்க நரம்பு மருத்துவரும் அவர் தோழர்களும் ஒரு சுவையான உண்மையை வெளியிட்டனர். மருந்துச் சோதனைகள் சிலவற்றில் மருந்தே இல்லாத வெற்று மாத்திரை பெற்ற 28 நாய்களின் கணக்கை அவர்கள் எடுத்துப் பார்த்தார்கள். அவற்றுள் 22 நாய்களுக்கு வலிப்பு குறைந்திருந்தது! 8 நாய்களுக்குப் பாதியோ அதற்கு மேலோ குறைந்திருந்தது. நாய்க்கு மாத்திரையின் மேல் நம்பிக்கை ஏது? பிறகு எப்படிக் குறைந்தது?

விடை ஒன்றன்று, பல. நம்பிக்கை வைத்தவர் நாய் அல்ல, அதை வளர்ப்பவர். எண்ணுபவரும் அவரே. நல்லதை எதிர்பார்க்கும் கண், சிறு நடுக்கத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடலாம். சோதனையில் சேர்ந்ததனாலேயே வழக்கமான மருந்தை அவர் வேளை தவறாமல் கொடுத்திருக்கலாம். எல்லாவற்றிலும் முக்கியமானது, வலிப்பு நோய்க்கே உரிய ஏற்ற இறக்கம். சில மாதம் அடிக்கடி வரும். சில மாதம் தானே அடங்கும். மனிதர் உதவி தேடி ஓடுவது நோய் உச்சத்தில் இருக்கும்போது. உச்சத்துக்குப் பிறகு இறக்கம்தானே வரும்? அந்த வேளையில் கொடுத்தது எதுவானாலும் - நல்ல மருந்தோ, வெற்று மாத்திரையோ, வேப்பிலைக் கொழுந்தோ, தாயத்தோ - பெயரைத் தட்டிக்கொண்டு போகும். 'எங்கள் நாய்க்கு இதனால்தான் நின்றது' என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. இறக்கம் தொடங்கிய வேளையில் கொடுத்ததையே இறக்கத்துக்குக் காரணமாக எடுத்துக்கொள்கிறார், அவ்வளவுதான்.

இந்த மயக்கத்துக்குப் போட்ஷ்காவின் ஏடு ஒரு விதியைத் தருகிறது. சிகிச்சைக்கு முன் இரண்டு வலிப்புகளுக்கு இடையே இருந்த மிக நீண்ட இடைவெளியை எடுத்துக்கொள். அதன் மும்மடங்கு காலம், அதுவும் மூன்று மாதத்துக்குக் குறையாமல், வலிப்பின்றி இருந்தால்தான் முழுப் பயன் என்று சொல். ஓர் எடுத்துக்காட்டுப் பார்ப்போம். ஒரு நாய்க்கு முன்பு 20, 45, 30 நாள் இடைவெளிகளில் வலிப்பு வந்தது என்று வைத்துக்கொள்வோம். மிக நீண்டது 45 நாள். மும்மடங்கு 135 நாள். புதிய மருந்து தொடங்கி 50 நாள் வலிப்பு இல்லை என்றால் மகிழலாம்; முடிவு சொல்லக் கூடாது. 135 நாள் கடந்தால் மருந்து வேலை செய்கிறது என்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம்.

விதி அழகியது. ஆனால் அதன் அடித்தளம் என்ன? 20, 45, 30 என்ற எண்கள் எங்கிருந்து வந்தன? எந்தக் கருவியும் அவற்றைத் தரவில்லை. யாரோ ஒருவர் ஒவ்வொரு முறையும் தேதி எழுதி வைத்தார். 'மாதத்துக்கு ஒரு தடவை வருமுங்க' என்ற நினைவுக் கணக்கை வைத்து மும்மடங்கு காண முடியாது. ஆக, ஏழு ஏடுகளின் எடையும் கடைசியில் வந்து நிற்பது ஒரு நாட்குறிப்பின்மேல். வலிப்பு மருத்துவமே இத்தகைய எண்ணிக்கையில் பிறந்ததுதான். ஹாப்ட்மன் பினோபார்பிட்டாலைத் தூக்க மருந்தாகத்தான் நோயாளிகளுக்குக் கொடுத்தார். கொடுத்தபின் வலிப்புகள் குறைந்ததைக் கவனித்தே அதன் ஆற்றலை உணர்ந்தார்.

எழுதப்படாத எட்டாவது ஏடு

நம் முக்கியக் குறை இங்கேதான் எழுகிறது. மூளையை எப்படிப் படமெடுப்பது என்பதற்கு ஓர் ஏடு உண்டு. இறந்த நாயின் மூளையை எப்படி அறுத்துப் பார்ப்பது என்பதற்கும் ஓர் ஏடு உண்டு. உயிரோடு இருக்கும் நாயின் அருகே இரவில் விழித்திருப்பவருக்கென்று ஓர் ஏடு இல்லை. அவருக்கு விளக்கிச் சொல்லுங்கள் என்று மருத்துவருக்கு அறிவுரை உண்டு; அவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளும் உண்டு. ஆனால் சான்றுகளையெல்லாம் திரட்டித் தருபவரை நோக்கிப் பேசும் பக்கங்கள் இல்லை. கணக்குப்பிள்ளையைப் பழக்காமல் கணக்கை மட்டும் துல்லியமாகக் கேட்பது போன்றது இது.

எட்டாவது ஏடு ஒன்று எழுதப்பட்டால் அதில் என்ன இருக்க வேண்டும்? முதலில், வலிப்பு வரும் வேளையில் செய்ய வேண்டியவை. கடிகாரத்தைப் பார். படிக்கட்டு, கிணற்றடி, கூரான மேசை முனை ஆகியவற்றிலிருந்து நாயைக் காப்பாற்று, விளக்கைக் குறை, சந்தடியை நிறுத்து. வாயருகே கையைக் கொண்டுபோகாதே. நாய் நாக்கை விழுங்கிவிடாது. ஆனால் தன்னையறியாமல் உன் விரலைக் கடித்துவிடும். தண்ணீரோ மருந்தோ வாயில் ஊற்றாதே, மூச்சுக்குழாயில் போய்விடும். இரும்புச் சாவியைக் கையில் கொடுத்தால் வலிப்பு நிற்கும் என்று மனிதர்களுக்குச் செய்யும் பழக்கத்தைச் சிலர் நாய்க்கும் செய்கிறார்கள். சாவி எதையும் நிறுத்துவதில்லை. வலிப்புதான் ஒன்றிரண்டு நிமிடத்தில் தானே நிற்கிறது. சாவியும் வெற்று மாத்திரையும் பெயர் வாங்குவது ஒரே வழியில்தான்.

அடுத்து, 5 நிமிடம் தாண்டினாலும், ஒரே நாளில் மறுபடி வந்தாலும் உடனே மருத்துவமனை. கொத்து வலிப்புக்கு ஆளாகும் நாய்க்கு வீட்டிலேயே கொடுக்கத்தக்க அவசர மருந்தை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளலாம். இதில் ஏழு ஏடுகளுக்குப் பின் வந்த முன்னேற்றம் ஒன்றுண்டு. 2017இல் வெளியான ஓர் ஆய்வில், ஓயா வலிப்பில் இருந்த நாய்களுக்கு மிடாசோலம் என்ற மருந்தை மூக்கில் செலுத்தியபோது 20இல் 14 நாய்களுக்கு வலிப்பு நின்றது. வழக்கமாக ஆசனவாய் வழியே செலுத்தும் டயசிபாம் 15இல் 3 நாய்களுக்குத்தான் பலித்தது. அறிவியல் ஏடு கல்வெட்டு அன்று. காலந்தோறும் திருத்தப்பட வேண்டியது என்பதற்கு இது சான்று.

பிறகு, வலிப்புக்குப் பிந்திய மணி நேரங்கள். நாய் கண் தெரியாமல் சுற்றலாம்; அளவற்றுப் பசிக்கலாம்; அன்பானவரைப் பார்த்தே உறுமலாம். அது மூளை தெளியும் காலம். குழந்தைகளை விலக்கி வைத்து, அமைதியாக விட்டுவிட வேண்டும்; அடிக்கக் கூடாது.

கடைசியாக நாட்குறிப்பு. தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், அதற்குமுன் நாய் தூங்கியதா, விளையாடியதா, உதறல் முகத்திலோ ஒரு காலிலோ தொடங்கியதா, உடல் முழுதுமா, நினைவு இருந்ததா, தெளிய எவ்வளவு நேரம் ஆயிற்று, அன்று மருந்து தவறியதா, உணவு மாறியதா. ஒன்பதே கட்டங்கள். இவற்றை அன்றே எழுத வேண்டும். நினைவிலிருந்து பிறகு எழுதலாகாது. புதிய மருந்து எதையும் தொடங்குமுன் பழைய கணக்கு கையில் இருக்க வேண்டும். இன்று பலர் கையில் உள்ள செல்பேசியில் ஒரு நிமிடப் படம் எடுத்தால், மருத்துவர் தாமே வலிப்பை நேரில் கண்டதுபோல ஆகும். இதய நோயால் வரும் மயக்கமா, வலிப்பா என்று பிரித்தறிய இதைவிட எளிய வழி இல்லை.

முடிவாக

இந்த ஏழு ஏடுகளும் பெரும் பணி செய்திருக்கின்றன. உலகெங்கும் உள்ள மருத்துவர்களுக்கு ஒரே மொழியைத் தந்தன. எளிய மருத்துவமனைக்கும் ஒரு படியை வைத்தன. அவசரப்பட்டு 'குணமாயிற்று' என்று சொல்வதற்குக் கடிவாளம் போட்டன. பெயர் சூட்டுவதில் தடுமாற்றமும், வீட்டை நோக்கிப் பேசாத போக்கும் அவற்றின் குறைகள்.

இங்கிலாந்தின் கால்நடை மருத்துவமனைப் பதிவுகளை ஆராய்ந்த 2013ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, அங்கே 1000 நாய்களில் ஏறத்தாழ 6 நாய்களுக்கு வலிப்பு நோய் இருப்பதாகக் கண்டது. அரிய நோய் என்று ஒதுக்கத்தக்க எண்ணன்று இது. ஒவ்வொரு நாய்க்குப் பின்னாலும் வேளை தவறாமல் மாத்திரை எடுத்து வைக்கும் ஒரு கை இருக்கிறது. வெளியூர்த் திருமணத்துக்குப் போக முடியாமல் வீட்டிலேயே தங்கும் ஒருவர் இருக்கிறார். அவர் செய்வது வெறும் பராமரிப்பு மட்டுமன்று. அவர் எழுதும் ஒவ்வொரு வரியும் அறிவியலின் மூலப்பொருள். எட்டாவது ஏட்டை நம் கால்நடை மருத்துவர்கள் தமிழிலேயே எழுதலாம். நான்கு பக்கம் போதும். அது வரும்வரை, வீட்டில் இத்தகைய நாய் உள்ள வாசகர்கள் ஒரு நாற்பது பக்க நோட்டும் ஒரு பென்சிலும் வாங்கி, கடிகாரத்துக்குக் கீழே தொங்கவிட்டுவிடுங்கள்.